பெயர் திரும்பியது, வீடு திரும்பவில்லை

திரிங்காப், சுங்கை பாலாஸ், புளூவேலி பக்கத்தில் காலையில் மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டே அடுப்பு பற்றவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் குரல் கிளம்பும் இடம் கோலாலம்பூரின் அங்காசாபுரி. அங்காசாபுரிக்குப் பக்கத்தில் கம்போங் கெரிஞ்சி. கூட்டரசு நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம் கெரிஞ்சி, எதிர்ப்பக்கம் மலாயா பல்கலைக்கழகம். யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களும், பிள்ளையை மலாயா பல்கலைக்கழகத்தில் சேர்க்கப் போனவர்களும் பெயர் தெரியாமலேயே இந்தக் கம்பத்தைக் கடந்திருப்பீர்கள்.

கோலாலம்பூர்க் கம்பத்தைப் பற்றி மலைமேல் இருக்கும் நமக்கு என்ன பேச்சு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் போய் அறை எடுத்துத் தங்குவது இந்த மாதிரி இடங்களில்தான். தோட்டத்தை விட்டு வெளியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் போய்ச் சேர்ந்ததும் இந்த மாதிரி இடங்களில்தான். அங்கே "மறுமலர்ச்சி", "மேம்பாடு" என்ற பெயரில் நடந்ததைப் புரிந்துகொண்டால், நாளை அதே வார்த்தைகள் நம் லயத்து வாசலுக்கு வரும்போது ஏமாற மாட்டோம்.

ஒரு கம்பம், பல ஊர்க்காரர்கள்

கெரிஞ்சி என்பது சுமத்ராவில் உள்ள ஓர் ஊர்ப்பகுதியின் பெயர். அங்கிருந்து கடல் தாண்டி வந்து காடு வெட்டிக் குடியேறிய மலாய்க்காரர்கள் தங்கள் ஊரின் பெயரையே இங்கும் வைத்தார்கள். பக்கத்தில் எல்ஆர்டி நிலையத்தின் பெயராக இன்றும் இருக்கும் அப்துல்லா ஹுக்கும் என்ற முன்னோடியும் கெரிஞ்சியிலிருந்து வந்தவர்தான்.

அதே பள்ளத்தாக்கில் தமிழர்கள் ரயில் பாதை வேலையிலும் பால்மரம் வெட்டும் வேலையிலும் இருந்தார்கள். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை பந்தாய் டாலாம் வழியாகத்தான் போகிறது. பின்னாளில் சிலாங்கூரிலும் மற்ற மாநிலங்களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் இழந்தவர்கள் பட்டணத்துப் புறம்போக்கு நிலங்களுக்கு வந்தார்கள். பலகையும் தகரமும் வைத்து வீடு கட்டினார்கள். வேப்பமரத்தடியில் ஒரு சூலத்தை நட்டார்கள், அது கோயிலானது. சீனர் மளிகைக் கடையில் கடன் புத்தகம், மலாய்க்காரம்மா கடையில் நாசி லெமாக், அடுத்த வரிசையில் தமிழர் வீட்டுத் தோசை. இந்தோனேசியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் கிளந்தானிலிருந்து படிக்க வந்த மாணவர்களும் அதே சந்துகளில் தங்கினார்கள். பல இனம் கூடி வாழ்வது என்று மேடையில் பேசுகிறார்களே, அதை எந்த அமைச்சும் திட்டம் போடாமல் ஏழைகளே செய்து காட்டிய இடங்கள் இவை.

ஆனால் எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று கதை கட்ட வேண்டியதில்லை. கெரிஞ்சியிலிருந்து சில மைல் தூரத்தில், பழைய கிள்ளான் சாலைப் பக்கம் உள்ள கம்போங் மேடானில் 2001 மார்ச் மாதம் நடந்ததை நம் சமூகம் மறக்காது. ஆறு பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அங்கும் பல இனத்து ஏழைகள்தான் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். நெருக்கமான வீடு, நாற்றமெடுக்கும் சாக்கடை, வேலையில்லாத இளைஞர், கேட்க நாதியில்லாத நிர்வாகம் என்று எல்லாம் சேர்ந்த இடத்தில் ஒரு சின்னத் தகராறு போதும், ஊரே பற்றிக்கொள்ளும். பல இனம் சேர்ந்து வாழ நல்ல மனம் இருந்தால் மட்டும் போதாது. நல்ல வீடும், நிலையான குடியிருப்பும், சமமான மரியாதையும் வேண்டும்.

பங்சார் யார் வெட்டிய காடு?

2000-களில் கம்போங் கெரிஞ்சியின் சுமார் 60 ஏக்கர் நிலத்தில் ஒரு பெரிய மேம்பாட்டு நிறுவனம் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பத் தொடங்கியது. அலுவலகம், ஹோட்டல், கொண்டோமினியம், உணவகம் எல்லாம் வந்தன. அந்த இடத்துக்கு "பங்சார் சவுத்" என்று பெயர் சூட்டப்பட்டது. கம்போங் என்றால் விலை போகாது, பங்சார் என்றால் விலை போகும். பக்கத்தில் பணக்காரர்கள் வாழும் பங்சாரின் பெயரை இரவல் வாங்கி, பூர்வீகப் பெயரை ஓரம் கட்டினார்கள். விளம்பரப் பலகையில் தொடங்கிய பெயர் சாலைப் பெயர்ப்பலகை வரைக்கும் வந்துவிட்டது.

கெரிஞ்சி மலாய்க்காரர்கள் இதை மறக்கவில்லை. பல ஆண்டுகள் முணுமுணுத்தார்கள், கேட்டார்கள். 2018 பொதுத்தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு, லெம்பா பந்தாய் நாடாளுமன்ற உறுப்பினர் ஃபாமி ஃபட்சில் முன்னெடுக்க, கம்போங் கெரிஞ்சி என்ற பெயர் அதே ஆண்டு மீட்கப்பட்டது. கட்டடங்களின் வணிகப் பெயர் இன்னமும் பங்சார் சவுத்தான். ஆனாலும் சாலையில் பழைய பெயர் மறுபடி நிற்கிறது. சாதாரண மக்கள் விடாமல் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது ஒரு சான்று. அந்த மலாய்க்காரச் சகோதரர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்தக் கதையில் நம் பங்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. பங்சார் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? எடுவார்ட் பன்ஜ், ஆல்ஃபிரட் கிரிசார் என்ற ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர்களைச் சேர்த்து அந்த ரப்பர் தோட்டத்துக்கு வைத்த பெயரே பங்சார் ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இன்று மில்லியன் வெள்ளி விலை போகும் அந்த மேட்டில் ஒரு காலத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள் தமிழர்கள். 1960-களின் இறுதியிலிருந்து அந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியது. துரைமார்களின் பெயர் நிலைத்தது. மரம் வெட்டியவனின் பெயர் எந்தச் சாலையில் இருக்கிறது?

கெரிஞ்சி மலாய்க்காரர்களுக்குப் பெயர் போயிற்று, போராடி மீட்டார்கள். நமக்குப் பெயரே வைக்கப்படவில்லை, எதை மீட்பது என்றுகூட நமக்குத் தெரியவில்லை. இதில் மலாய்க்காரர், தமிழர் என்ற சண்டை இல்லை. இரண்டு ஏழைக் கூட்டத்தின் உழைப்பின் மேலும் ஒரே விளம்பரப் பலகை நட்டார்கள் என்பதே உண்மை.

தோரணவாயில் கட்டினால் மறுமலர்ச்சியா?

நமக்கென்று அரசாங்கம் செய்த "மறுமலர்ச்சி" ஒன்று உண்டே, பிரிக்ஃபீல்ட்ஸ் லிட்டில் இந்தியா, என்று சிலர் சொல்வார்கள். அதையும் பார்த்துவிடுவோம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர்களின் ஊர். இந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் சீனரும் சிங்களவரும் வாழ்ந்த இடம். கோயில், பௌத்த விகாரை, தேவாலயம், பார்வையற்றோர் சங்கம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும். 2001-இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் திறக்கப்பட்டதும் அந்த நிலத்தின் விலை வானத்துக்குப் போனது. 2010 அக்டோபர் 27 அன்று இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். வண்ண வளைவுகள், நீரூற்று, புடவைக் கடைகள் எல்லாம் வந்தன. 2015 நவம்பரில் பிரதமர் மோடி வந்து தோரணவாயிலையும் திறந்துவைத்தார்.

ஆனால் 1915-இல் ரயில்வே, அரசாங்க ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட "நூறு குவார்ட்டர்ஸ்" வீடுகள் என்ன ஆயின? அதே 2010-களில் இடித்துத் தள்ளப்பட்டன. தோரணம் கட்டிய அதே பத்தாண்டில் வீட்டை இடித்தார்கள். 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் 2014-இல் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டம் பேசப்பட்டபோது பொதுமக்கள் எதிர்த்து நின்றார்கள். 2016-இல் அது தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். கட்டடத்தைக் காப்பாற்ற நமக்குத் தெரிந்திருக்கிறது. கட்டடத்தைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களைக் காப்பாற்றும் வழிதான் இன்னும் பிடிபடவில்லை. தீபாவளிக்கு முன் வாரம் கூட்டம் அலைமோதும். கடைக்காரர்களுக்கு வியாபாரம் நடக்கும். இரவில் கடை மூடிய பிறகு அங்கே வீட்டுக்குப் போகும் தமிழ்த் தொழிலாளி எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்!

ஓர் ஊர் மறுமலர்ச்சி அடைந்ததா என்று அறிய ஒரே ஒரு கேள்வி போதும். அந்த ஊரை உருவாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேயே வீடெடுத்து வாழ முடிகிறதா? முடிந்தால் மறுமலர்ச்சி. முடியாவிட்டால் அது வெறும் விற்பனை.

பல்கலைக்கழகம் நமக்கு அந்நியமா?

மலாயா பல்கலைக்கழகத்தைப் பார்த்தால் நம் ஆட்கள் பலர் அது யாருடையதோ என்று ஒதுங்கி நிற்கிறார்கள். அப்படி நிற்க வேண்டியதில்லை. 1950-களின் நடுவில், பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், அங்கே இந்திய இயல் துறை அமையவிருந்தது. அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று "தமிழ் முரசு" கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" நிதியைத் தொடங்கினார். தலைக்கு ஒரு வெள்ளி. தோட்டப் பாட்டாளிகளும் கூலித் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். தமிழ் நூல்கள் வாங்க அந்தப் பணம் பயன்பட்டது. துறை 1956-இல் அமைந்து, பிறகு கோலாலம்பூர் வளாகத்துக்கு வந்தது. தனிநாயகம் அடிகளார் அந்தத் துறைக்குத் தலைவராக இருந்தபோதுதான் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. படிக்காத பாட்டனார் கொடுத்த ஒரு வெள்ளியில் எழுந்த தமிழ் அது. அந்த வளாகத்தில் நாம் விருந்தாளிகள் அல்லர்.

பல்கலைக்கழகமும் அக்கம்பக்கத்து ஏழைகளும் எப்போதும் முகம் திருப்பிக்கொண்டு இருந்ததில்லை. 1974 செப்டம்பரில் ஜொகூர் பாருவில் தாசெக் உத்தாரா புறம்போக்குவாசிகளின் வீடுகள் உடைக்கப்பட்டபோது மலாயா பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களுக்காகக் கிளம்பினார்கள். அதே ஆண்டு பாலிங் விவசாயிகளின் பசிக்காகவும் தெருவில் இறங்கினார்கள். அரசாங்கம் 1975-இல் பல்கலைக்கழகச் சட்டத்தை இன்னும் இறுக்கியது. அதன் பிறகு வந்த மாணவ தலைமுறைகள் நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள கம்பத்தைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிப் போகப் பழகிவிட்டன.

பக்கத்தில் இருப்பதால் மட்டும் கதவு திறந்துவிடாது. 2019-இல் மெட்ரிகுலேஷன் இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்ந்தபோதும், பூமிபுத்ராக்களுக்கு 90 விழுக்காடு, மற்றவர் எல்லாருக்கும் சேர்த்து 10 விழுக்காடு என்ற பங்கீடு அப்படியே இருந்தது. எஸ்பிஎம் தேர்வில் 10ஏ-யும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று பிரதமர் அன்வார் 2024-இல் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் மூன்றறை வீட்டில் ஏழெட்டுப் பேர் வாழும் இடத்தில், டியூஷனுக்குக் காசில்லாத பிள்ளை 10ஏ எடுக்க உட்கார்ந்து படிக்கும் மூலை எங்கே? அந்த மூலையைத் தருவது வீடமைப்பு. கல்வி உரிமையும் வீட்டு உரிமையும் வேறு வேறு அல்ல.

வாடகைக்காரனுக்கு ஓட்டு இல்லை

புறம்போக்குக் குடியிருப்புகள் அகற்றப்பட்டபோது கிடைத்தது பிபிஆர் அடுக்குமாடி. 1998-இல் தொடங்கிய திட்டம் அது. ஸ்ரீ பந்தாய், பந்தாய் ரியா, கெரிஞ்சி, கம்போங் லிமாவ் என்று அந்தத் தொகுதியிலேயே பல பிபிஆர்கள். மாத வாடகை 124 வெள்ளி என்பது கோலாலம்பூரில் வேறெங்கும் கிடைக்காத சலுகை. அதை மறுக்க முடியாது. கம்பத்து மக்களை ஐம்பது மைல் தள்ளி எறியாமல் பக்கத்திலேயே வைத்தது நல்ல காரியம்.

ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். லிஃப்ட் பழுதானால் பதினைந்தாவது மாடிக்குக் கிழவி எப்படி ஏறுவாள்? பிள்ளைகள் விளையாட இடம் எங்கே? 2018 ஜனவரியில் அந்தப் பகுதிப் பிபிஆர் ஒன்றில் மேல்மாடியிலிருந்து யாரோ வீசிய நாற்காலி விழுந்து ஒரு தமிழ் மாணவன் உயிரிழந்தான். நாடே அதிர்ந்தது, பிறகு மறந்தது. தரையில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்களைச் செங்குத்தாக அடுக்கி வைத்துவிட்டு, கம்பத்து ஒழுக்கம் மட்டும் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

பிபிஆர் கிடைக்காதவர்களின் நிலை இன்னும் மோசம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர் கணக்குப் போடுகிறார். உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு விட்டால் மாதம் 1,200 வெள்ளி. அறைக்கு இருவர் என்று ஆறு மாணவர்களை வைத்துத் தலைக்கு 350 வாங்கினால் 2,100 வெள்ளி. எந்த வீட்டுக்காரர் குடும்பத்துக்கு விடுவார்? அந்த ஆறு பேரில் ஒருவர் திரிங்காப்பிலிருந்து போன நம் பிள்ளையாகவும் இருக்கலாம். தோட்டத்திலிருந்து போன தமிழ்ப் பிள்ளை, பட்டணத்துத் தமிழ்த் தொழிலாளியின் குடும்பத்தை அறியாமலேயே வெளியே தள்ளுகிறது. குற்றம் பிள்ளையுடையது அல்ல. மாணவருக்குப் போதுமான விடுதியும் தொழிலாளிக்குப் போதுமான வீடும் கட்டாமல் இருவரையும் ஒரே வீட்டுக்கு மோதவிடும் ஏற்பாட்டின் குற்றம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. 30 ஆண்டுக்குக் குறைந்த கட்டடமானால் உரிமையாளர்களில் 80 விழுக்காட்டினரும், 30 ஆண்டுக்கு மேற்பட்டதானால் 75 விழுக்காட்டினரும், கைவிடப்பட்ட கட்டடமானால் 51 விழுக்காட்டினரும் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்றது அந்த மசோதா. விழுக்காடு போதுமா, போதாதா என்று எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் மணிக்கணக்கில் வாதாடினார்கள். யாரைக் கேட்கப் போகிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? உரிமையாளர்களை! வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அவர் இருபது ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தாலும் சரி, பிள்ளை அந்த வட்டாரப் பள்ளியில் படித்தாலும் சரி. மசோதாக்கள் வரும், போகும், திருத்தப்படும். நம் மக்களில் பெரும்பகுதியினர் வாடகைக்காரர்கள். அவர்களை எண்ணாத எந்தச் சட்டமும் நமக்குப் பாதுகாப்பு ஆகாது.

மலைமேல் இருக்கும் நாம் அந்த வாடகைக்காரரைவிடவும் ஒரு படி கீழே! 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலம் முதல் இந்த மலையில் நம்மவர் தேயிலை பறித்தார்கள். இன்று நம் லயங்களுக்குப் பக்கத்திலேயே வங்காளதேசத்துத் தொழிலாளரும் நேப்பாளத்துத் தொழிலாளரும் குடியிருக்கிறார்கள். திரிங்காப்பில் சீனர் காய்கறித் தோட்டம், தமிழர் லாரி, மலாய்க்காரர் கடை, பூர்வகுடியினரின் கம்பம் எல்லாம் ஒரே சாலையில் இருக்கின்றன. நாமும் ஒரு கெரிஞ்சிதான். ஆனால் தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் வீட்டுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும், வசதி இருக்க வேண்டும் என்று சொன்னது. வீடு உனக்குச் சொந்தமாக வேண்டும் என்று சொல்லவில்லை. சொந்த வீட்டுத் திட்டம் என்பதை 1970-களிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பேச்சு கேட்டுத் தாத்தா போனார், அப்பா ஓய்வு பெற்றார், மகன் பட்டணத்தில் அறை தேடுகிறான்.

என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, எந்த ஊரை மேம்படுத்தினாலும் அங்கே குடியிருந்தவர்கள், வாடகைக்காரர் உட்பட, அதே இடத்தில், அதே கையிருப்புக்குக் கட்டுப்படியாகும் வீட்டுக்குத் திரும்பும் உரிமை எழுத்தில் வேண்டும். வாய் வாக்குறுதி வேண்டாம்.

இரண்டாவது, பல்கலைக்கழகங்கள் மாணவர்களை அக்கம்பக்கத்து ஏழை வீடுகளின் மேல் இறக்கிவிடாமல் போதுமான விடுதி கட்ட வேண்டும். மாலை வகுப்பு, நூலகம், இலவச டியூஷன் என்று நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள பிள்ளைகளுக்கு வளாகக் கதவைத் திறக்க வேண்டும். இந்திய இயல் துறையில் படிக்கும் நம் மாணவர்கள் இதைத் தாங்களே தொடங்கலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

மூன்றாவது, பெயர். கெரிஞ்சிக்காரர்கள் மீட்டார்கள். பங்சார், பிரிக்ஃபீல்ட்ஸ், பந்தாய் வட்டாரங்களில் பால்மரம் வெட்டியவர்களும் தண்டவாளம் போட்டவர்களும் இருந்தார்கள் என்று ஒரு பலகையாவது சொல்லட்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதி வையுங்கள். எழுதாதவனுக்கு வரலாறு இல்லை.

நான்காவது, நம் மலைக்கு. தோட்டத்தில் ஆயுசு முழுக்க உழைத்தவர்களுக்கு அந்த வட்டாரத்திலேயே சொந்த வீடு வேண்டும். இதை மகஜராக எழுதித் தோட்டத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் கொடுங்கள். தேர்தல் வரும்போது மட்டும் கேட்காதீர்கள். தேர்தல் இல்லாத மாதங்களில்தான் கேட்க வேண்டும். பக்கத்து லயத்து வங்காளதேசியை எதிரியாக எண்ணாதீர்கள். நம் பாட்டனார் கப்பலில் வந்து இறங்கிய நிலையில்தான் அவர் இன்று இருக்கிறார்.

கெரிஞ்சி நமக்குச் சொல்லும் பாடம் இரண்டு. விடாமல் கேட்டால் போனது திரும்பும். எதைக் கேட்கிறோமோ அது மட்டும்தான் திரும்பும். அவர்கள் பெயரைக் கேட்டார்கள், பெயர் திரும்பியது. நாம் வீட்டைக் கேட்போம்.